காதில் விழும் ஃபோகஸ்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளில் அவ்வப்போது தலைகாட்டும், கையால் ஃபோகஸ் வைக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைப் பற்றிப் படித்துப் படித்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் பணம் சேர்த்து, பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றை 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோடு வாங்கினேன். ஐந்து மாதமாகிறது. மகளின் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது கூர்மையாக வருகிறது, கண் பஞ்சுபோல இருக்கிறது. மனைவி போனில் எடுக்கும் படங்கள் எல்லாம் பளிச். “இத்தனை காசு கொடுத்து காது எடுக்கிற கேமராவா வாங்குனீங்க?” என்கிறாள்.

இப்போது ஒரு 35 மி.மீ. லென்ஸ் விலைக்கு வருகிறது. வாங்கினால் சரியாகுமா? இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டு, தானே ஃபோகஸ் வைக்கும் மிரர்லெஸ் கேமராவுக்குப் போய்விடவா? உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

என் பங்கை மறுக்கவில்லை. அந்தக் கேமராவில் எடுத்தவற்றில் தேறிய படங்களை மட்டும்தான் இதுவரை வெளியே காட்டியிருக்கிறேன். தேறாதவை ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கின்றன. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து எடுத்த கறுப்புப் படங்கள் தனிக் கணக்கு. இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்திலிருக்கும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். மூடி போட்டிருந்தாலும் உலகம் தெளிவாகவே தெரியும். உங்கள் பிரச்சினைக்கும் வேர் இதுதான்.

ஃபோகஸ் சரி என்று நமக்குச் சொல்லும் கருவி, சென்சாரில் விழும் படத்தைப் பார்ப்பதே இல்லை. லென்ஸைத் திருகும்போது அதன் பின்பக்க வளையம் கேமராவுக்குள் இருக்கும் சின்ன உருளை ஒன்றைத் தள்ளுகிறது. அந்த உருளையோடு சேர்ந்த கை, இரண்டாவது ஜன்னலில் இருந்து வரும் பிம்பத்தை நகர்த்துகிறது. லைக்கா நிறுவனத்தின் எம் வரிசை ரேஞ்ச்ஃபைண்டர்களில் இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். நடுவில் தெரியும் கட்டத்துக்குள் இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர்ந்தால் தூரம் சரி என்று அர்த்தம். எல்லாமே உலோகமும் கண்ணாடியும் செய்கிற வேலை. எங்கேயோ மயிரிழை விலகினால், ஜன்னலில் கண்கள் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும், சென்சாரிலோ காது கூர்மையாக விழும்.

ஃபிலிம் காலத்தில் இது பெரும்பாலும் தெரியாமலே போனது. கையளவு பிரிண்டில் யாரும் இமைமயிரை எண்ணவில்லை. இப்போது திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், அதே கேமரா அதே லென்ஸ் குற்றவாளி ஆகிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் ‘காது’தான். ஒரு படத்தில் மூக்கு, ஒரு படத்தில் காது என்று மாறி மாறி வந்திருந்தால், குழந்தை அசைகிறது, நீங்களும் லேசாக ஆடுகிறீர்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 3 சென்டிமீட்டர். மூச்சு விட்டாலே போய்விடும். ஆனால் உங்களுக்கு எப்போதும் ஒரே திசையில், பின்னால்தான் விழுகிறது. கை பிழை செய்தால் இரண்டு பக்கமும் செய்யும். இது கருவியின் பிழை என்றுதான் எனக்குப் படுகிறது.

சோதித்துப் பாருங்கள். கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி ஒரு ஸ்கேலைச் சாய்வாக நிறுத்தி, அதன் நடுக்கோட்டுக்கு எஃப் 1.4-இல் ஃபோகஸ் வைத்து எடுங்கள். லென்ஸைக் கடைசிவரை திருப்பிவிட்டு மறுபடி ஃபோகஸ் வையுங்கள். இப்படிப் பத்துப் படம். அப்புறம் இரவில் நிலாவைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போது இரண்டு நிலாவும் ஒன்றாக வேண்டும். யாரிடமாவது வேறொரு லென்ஸை இரவல் வாங்கி இதையே செய்யுங்கள். அதிலும் பின்னால் விழுந்தால் கேமராவில் கோளாறு, விழாவிட்டால் லென்ஸில். சென்சாரில் விழும் படத்தை நேரடியாகத் திரையில் காட்டும் லைவ் வியூ உங்கள் கேமராவில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். லைக்காவில் 2013-இல் வந்த எம் 240 முதல் அது இருக்கிறது. திரையில் பார்த்து ஃபோகஸ் வைத்துவிட்டு, பிறகு ஜன்னலில் பிம்பம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. நிறைய ஒளி வாங்கும் சில ‘வேகமான’ லென்ஸ்களில், அப்பர்ச்சர் எனும் ஒளித் துளையைக் குறைக்கக் குறைக்க (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) ஃபோகஸ் தானாகவே கொஞ்சம் பின்னால் நகரும். எஃப் 1.4-இல் சரியாக இருக்கும், எஃப் 2.8-இல் காதுப் பக்கம் போகும். அதனால் ஸ்கேல் படத்தை 2, 2.8, 4 என்று மாற்றியும் எடுங்கள். இது பழுது இல்லை, அந்த லென்ஸின் சுபாவம். தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டியதுதான்.

கோளாறு உறுதியானால் நீங்களே சரிசெய்ய உட்காராதீர்கள். வீடியோ பார்த்து நான் உட்கார்ந்தேன். லென்ஸைக் கழற்றினால் அந்த உருளை தெரியும், அதன் நடுவில் ஆலன் கீ போட்டுத் திருப்ப ஒரு திருகு. திருப்பினேன். நிலா ஒன்றானது. மறுநாள் ஒரு மீட்டரில் இருந்த எதுவும் சேரவில்லை. முடிவிலிக்கு ஒரு திருகு, கிட்டத்துக்கு வேறொரு சரிசெய்தல், ஒன்றைத் தொட்டால் மற்றது கோபித்துக்கொள்ளும். கடைசியில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, திருகின் தலையில் இருந்த கீறலை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

35 மி.மீ. லென்ஸ் வேண்டாம், இப்போதைக்கு. அதில் கூர்மையின் ஆழம் கூடுதலாக இருப்பதால் இதே கோளாறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கோளாறு போர்வைக்குள் படுத்திருக்கும்.

கேமரா சரியாகும்வரை கையில் இருக்கும் 50-ஐ எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய 2.3 மீட்டர் முதல் 4.2 மீட்டர் வரை கூர்மையாக வரும். அந்தக் கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம், மகள் அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு ஃபிலிம் காலத்துத் தாராளத்தில் போட்டது. எதுவரை கூர்மை என்று காட்ட லென்ஸின் மேல் ஒவ்வொரு எஃப் எண்ணுக்கும் பொறித்திருக்கும் கோடுகளும் அப்படித்தான். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர், எஃப் 8-இல் எடுத்தால் 5.6-இன் கோடுகளை நம்புவது நல்லது.

நீங்கள் எந்த மாடல் என்று எழுதவில்லை. 2006-இல் வந்த லைக்கா எம் 8 என்றால் சென்சார் சிறியது, உங்கள் 50, ஏறத்தாழ 67 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தரும். ஃபிலிமின் முழு அளவிலான சென்சார் 2009-இல் எம் 9-இல்தான் வந்தது. எம் 9 என்றால் சென்சார் மாற்றப்பட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள், பழைய சென்சாரின் கண்ணாடி அரித்துப்போவதுண்டு. எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்தால் புள்ளிகள் காட்டிக்கொடுக்கும்.

விற்பது பற்றி. ஓடுகிற குழந்தைக்கு மிரர்லெஸ்தான் மேல். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது, அதோடு போட்டி போட முடியாது. நான் இன்னும் ரேஞ்ச்ஃபைண்டரை வைத்திருப்பதற்குக் காரணம் அந்த ஜன்னல். படத்துக்குள் வரப்போவது நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டத்துக்குள் தெரிகிறது, சுற்றிலும் படத்தில் வராத உலகமும் தெரிகிறது. ஒரு சைக்கிள் சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே அதன் முன்சக்கரத்தைப் பார்த்துவிடுகிறேன். நுழையட்டும் என்று காத்திருப்பதா, அதற்குள் அழுத்திவிடுவதா என்று அந்த அரை நொடியில் மனம் அல்லாடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. 2004-இல் வந்த முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எப்சன் ஆர்-டி 1-இல், ஃபிலிமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை ஏற்ற லீவரை இழுக்க வேண்டும். இந்த மாதிரி ஆட்களுக்கான பொருள் இது. நீங்கள் அந்த ஆளா என்று காதுப் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் கேமரா சரியாகட்டும்.

பழுது பார்ப்பவரிடம் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள், தனித்தனியாக அனுப்பினால் ஒன்றைக் கைகாட்டி மற்றொன்று தப்பித்துக்கொள்ளும். காதுப் படங்களை அழித்துவிட வேண்டாம். ஸ்கேல் படங்களோடு அவற்றில் நான்கைந்தையும் கொடுத்தால், எவ்வளவு தூரம் பின்னால் விழுகிறது என்று அவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.