வண்டியைத் தூக்கினால் ஷாஃப்ட் போய்விடுமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இசுசு வி-கிராஸ், ஃபோர் வீல் டிரைவ். டயர் 245/70 ஆர் 16. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது. முன்னும் பின்னும் 3 அங்குலம் தூக்கி, 33 அங்குல டயர் மாட்டித் தருவதாகச் சேலத்தில் ஒரு கடையில் சொல்கிறார்கள். ஆர்.சி.யிலும் ஏற்றித் தருவார்களாம். ஆனால் அப்படித் தூக்கிய நண்பரின் வண்டி 60-ஐத் தாண்டினாலே அதிர்கிறது. ஷாஃப்ட், கியர்பாக்ஸ் எல்லாம் கெட்டுவிடுமா?

பதில்: கெடும். ஆனால் மாட்டிய அன்றே கெடாது. கடைக்காரருக்கு அதுதான் வசதி.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, தட்டிய தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் தடம் இருந்தால், கமான் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) எத்தனை அங்குலம் தூக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அது சக்கரத்தோடு சேர்ந்தது. டயர் பெரிதானால்தான் உயரும். சேசிஸ், சைலன்சர், ஃபுட் ஸ்டெப் தட்டினால் மட்டுமே பட்டையைத் தூக்குவதில் பலன் உண்டு. பணம் வாங்குகிற எவரும் இதை உங்களிடம் சொல்வதில்லை.

இனி நண்பரின் வண்டிக்கு வருவோம். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில் கிராஸ் என்ற மடங்கும் இணைப்புகள் உண்டு. கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஒரு கிராஸின் இந்த ஏற்ற இறக்கத்தை இன்னொரு கிராஸ் ஈடுகட்டுகிறது. அதற்கு இரண்டின் சாய்வும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வண்டியைத் தூக்கியதும் இந்தக் கணக்கு குலைகிறது. ஷாஃப்ட்டின் பின் துண்டு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. தூக்கினாலே சாய்வு சுமார் 3 டிகிரி கூடும். முதலில் அதிர்வு, அப்புறம் கிராஸ், ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர், கடைசியில் பினியனில் (ஷாஃப்ட் டிஃபரன்ஷியலோடு சேரும் இடம்) ஆயில் சீல் ஒழுகல் என்று வரிசையாக வரும்.

ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துப் பினியனின் சாய்வைத் திருத்தலாம். சென்டர் பேரிங்கையும் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். எத்தனை டிகிரி என்பதை அளந்துதான் சொல்ல முடியும். கண்ணால் பார்த்தே சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். "ஷாஃப்ட்டை பேலன்ஸ் பண்ணிட்டா சரியாயிடும்" என்று சங்ககிரிக்கோ நாமக்கல்லுக்கோ அனுப்புவார்கள். அங்கே லாரி ஷாஃப்ட் பார்ப்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் சாய்வினால் வரும் அதிர்வு பேலன்ஸ் செய்தால் போகாது. உங்கள் நண்பரையும் இந்தச் செலவில் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். மூட்டை ஏற்றி ஏற்றிப் பின் பட்டை தொய்ந்துபோன வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது தூக்குவதே ஆகாது. அப்போது ஷாஃப்ட்டின் சாய்வு கம்பெனி வைத்த இடத்துக்கே திரும்பி வரும். ஆப்பும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏற்றும் மூட்டைகளை ஏற்றி மறுபடியும் அளவெடுங்கள். அதே மாடலில் பட்டை தொய்யாத வண்டி ஒன்றின் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இடது பக்கமும் வலது பக்கமும் வேறுபட்டாலும் பட்டை களைத்துவிட்டது என்றே பொருள். தொய்ந்திருந்தால் புதுப் பட்டை செட், புது யு போல்ட், புது புஷ். பழைய பட்டையைச் சூடு போட்டு வளைத்துத் தருகிறேன் என்பார்கள். சூட்டில் எஃகின் விறைப்பு போய்விடும், சில மாதத்தில் மறுபடியும் உட்காரும். இதைச் செய்து முடித்த பிறகும் தட்டினால்தான் தூக்குவதைப் பற்றிய பேச்சே எழ வேண்டும்.

முன்பக்கம் கதை வேறு. அங்கே டிஃபரன்ஷியல் சேசிஸோடு சேர்ந்து மேலே போகும். சக்கரம் கீழேயே நிற்பதால் இரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட்டும் அதிகமாகச் சரியும். உயர்த்துவதற்காகச் சஸ்பென்ஷன் மேல் வைக்கும் ஸ்பேசரின் தடிமன் 25 மி.மீ. என்றால், சக்கரத்தில் அது ஒன்றரை முதல் இரண்டு மடங்காகத் தெரியும். இதை அறியாமல் கனமான ஸ்பேசரை வைத்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, அந்த ஆக்ஸில் ஷாஃப்ட்டின் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் பூட்டைப் பாருங்கள். மடிப்புகள் ஒன்றோடொன்று உரசினால் அந்த உயரம் உங்கள் வண்டிக்கு அதிகம். பூட் கிழிந்தால் சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருக்கும். சேறு உள்ளே போன பிறகு திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வரும்.

33 அங்குல டயரை நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். உங்கள் டயரின் உயரம் 749 மி.மீ., அது 838. டிஃபரன்ஷியல் 45 மி.மீ. உயரும், உண்மைதான். ஆனால் எல்லா கியரும் 12 சதவீதம் நீளமாகிவிடும். ஏறும்போது கிளட்ச் வேகும். இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு அதே அளவு குறைந்து, 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கே சுமக்க வேண்டும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-ல் போகும். தோட்டத்துக்காக மாட்டினாலும் மூட்டையோடு அடிவாரத்துக்கு இறங்குவது அதே டயரில்தான்.

ஆர்.சி.யில் ஏற்றித் தருவதாகச் சொல்கிற புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இத்தனை சட்டம் இருந்தும் கடைகள் போர்டு வைத்து விற்கின்றன, கேட்பாரில்லை. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது மட்டும் சட்டத்துக்கு உயிர் வந்துவிடுகிறது, அதுவும் வாங்கியவர் தலையில். மலைப்பாதையில் பிழைக்கிறவனுக்கு எது செல்லும், எது செல்லாது என்று ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி ஆர்.டி.ஓ. அலுவலகச் சுவரில் ஒட்டக்கூடவா முடியாது?

இந்த வாரமே பட்டையை அளந்துவிடுங்கள். டிஃபரன்ஷியல் தட்டுகிறது என்றால் அதை உயர்த்தப் பார்க்காமல், அதே அளவில் ஆல் டெரெயின் டயர் போட்டு, எஞ்சினுக்கும் முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில் இரும்புத் தகடு அடித்து, பாதையில் துருத்தும் பாறைகளை ஆள் வைத்து உடைத்துவிடுங்கள். கடை கேட்கிற பணத்தைவிட இது குறைவாகத்தான் ஆகும்.