14 மாதக் குழந்தையோடு சைக்கிள் பயணம்: பின்சீட்டா, டிரெய்லரா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 14 மாதம் ஆகிறது. அவள் பிறப்பதற்கு முன் நானும் கணவரும் நாளுக்கு 80 கிலோமீட்டர் வரை சைக்கிளில் போவோம். இப்போது மூவருமாக ஐந்து நாள் பயணம் கிளம்ப ஆசை. சைக்கிளின் பின்னால் குழந்தை சீட்டு பொருத்துவதா, குழந்தையை உள்ளே வைத்துச் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறு வண்டியான டிரெய்லர் வாங்குவதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: டிரெய்லர் வாங்குங்கள். பகல் தூக்கம்தான் முக்கியமான காரணம்.

ஓடும் சைக்கிளின் அசைவு தொட்டில் போல. எவ்வளவு துறுதுறுப்பான குழந்தையும் கொஞ்ச நேரத்தில் கண் அயர்ந்துவிடும். சீட்டில் உட்கார்ந்தபடி தூங்கினால், ஹெல்மெட்டின் கனமும் சேர்ந்து தலை முன்னே தொங்கும். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் கழுத்து வெட்டி வெட்டி ஆடும். தாடை நெஞ்சில் இடித்துக் கிடந்தால் மூச்சுக்கும் தடங்கல். டிரெய்லரில் சாய்ந்து படுக்கலாம், தலைக்கு இருபுறமும் அணைப்பு இருக்கும். சீட்டை நான் ஒதுக்கவில்லை. குழந்தை விழித்திருக்கும் அரை மணி, முக்கால் மணிச் சவாரிக்கு அது அருமையானது, வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவாள். பல நாள் பயணத்துக்குத்தான் போதாது.

ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் மாதக்கணக்கை விடக் கழுத்தைப் பாருங்கள். ஹெல்மெட் போட்டபின் தலையை நிமிர்த்தி, தானாகவே நன்றாக உட்கார்ந்து விளையாடுகிறாளா? சந்தேகம் இருந்தால் அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிரெய்லர் வாங்கும்போது குழந்தையையும் அவள் ஹெல்மெட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹெல்மெட்டின் பின்புறம் புடைத்திருந்தால், சாய்மானத்தில் முட்டி அவள் தலையை முன்னே தள்ளும். நல்ல டிரெய்லர்களில் அந்த இடத்தில் குழிவு விட்டிருப்பார்கள். இறங்கி விளையாட விடும்போது ஹெல்மெட்டை மறக்காமல் கழற்றிவிடுங்கள். ஏறி இறங்கி விளையாடும் இடங்களில் அதன் வார் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.

டிரெய்லரை இழுக்கும் கை போன்ற தண்டு பெரும்பாலும் பின்சக்கர ஆக்சிலின் இடப்பக்கத்தில் மாட்டும். இணைப்பு வளைந்து கொடுப்பதால் சைக்கிள் சாய்ந்து விழுந்தாலும் டிரெய்லர் நிமிர்ந்தே நிற்கும். டிரெய்லரைச் சைக்கிளோடு பிணைக்கக் கூடவே வரும் பாதுகாப்பு வாரை ஒருமுறைகூட மாட்டாமல் விடாதீர்கள். டிரெய்லர் கவிழ்வது பெரும்பாலும் திருப்பத்தில்தான். வேகமாக வளைக்கும்போது உள்பக்கச் சக்கரம் நடைபாதை விளிம்பிலோ கல்லிலோ ஏறினால் போதும். டிரெய்லர் சைக்கிளை விட அகலம், திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை உடம்பு பழக வேண்டும். அதனால் முதல் சில நாட்கள் மகளின் எடைக்குச் சமமான மூட்டையைக் கட்டி ஓட்டிப் பழகுங்கள். பிரேக் பிடித்த பின் எவ்வளவு தூரம் தள்ளிப்போய் நிற்கிறது என்பதும் அப்போதுதான் கைக்குப் பிடிபடும். கனமான சாமான்களை டிரெய்லரின் பின்பையில் திணிக்காதீர்கள். பின்பாரம் கூடினால் இணைப்பை மேலே தூக்கும், வண்டி வாலாட்டும். அவற்றை உங்கள் இருவரில் டிரெய்லர் இழுக்காதவரின் சைக்கிளில் ஏற்றுங்கள். அவர் டிரெய்லருக்குப் பின்னாலேயே வரட்டும், பின்னால் வரும் வண்டிகளுக்கும் அவரே முதலில் கண்ணில் படுவார்.

பெற்றோர் பலர் கோட்டைவிடுவது வெப்பநிலையில். நீங்கள் மிதித்து வியர்க்கிறீர்கள், அவளோ அசையாமல் இருக்கிறாள். உங்களுக்கு இதமான காற்று அவளுக்குக் குளிராக இருக்கும். வெயிலில் கதை தலைகீழ்: பிளாஸ்டிக் மழை உறையை மூடியே வைத்திருந்தால் உள்ளே கொதித்துவிடும். மழை விட்டதும் உறையைச் சுருட்டுங்கள், வலையை மட்டும் போடுங்கள், பூச்சியும் புழுதியும் அண்டாது. நிற்கும்போதெல்லாம் அவள் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கைகால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், பிடரிதான் சரியாகச் சொல்லும். உங்கள் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேரே அவள் மேல்தான் வரும், நீளமான மட்கார்டு போட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்துக்கு வருவோம். 80 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள், 25 முதல் 30 வரை வைத்துக்கொண்டால் மூவரும் சிரித்த முகத்தோடு போய்ச் சேருவீர்கள். கிலோமீட்டரை விட்டுத் தூக்கத்தை வைத்துத் திட்டமிடுங்கள். அவளுக்குத் தூக்கம் சொக்கும் நேரத்துக்குச் சற்று முன் கிளம்பினால், அவள் தூங்கும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய பாதையில் பெரும்பங்கு முடிந்துவிடும். விழித்திருக்கும் நேரம் தரையில் தவழவும் நடக்கவும் உரியது. முக்கால் மணிக்கு மேல் விழித்தபடி கட்டிவைக்காதீர்கள். மூன்றாம் நாள் எங்கும் நகராமல் ஓய்வெடுங்கள். ஐந்து நாளுக்கு முன், ஒரே ஒரு இரவு வெளியே தங்கித் திரும்பும் சின்னப் பயணம் ஒன்று போய்வாருங்கள். புது இடத்தில் அவள் இரவில் தூங்குகிறாளா என்பதுதான் மற்றெல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

டிரெய்லர் சக்கரங்கள் பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குலம். உங்கள் சைக்கிள் ட்யூப் அதற்குப் பொருந்தாது. அந்த அளவில் இரண்டு ட்யூப் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.