பிரான்ஸில் வெள்ளை ஒயின் ஊர் ஒன்றைப் பார்க்க இரண்டு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம்?

ஷாப்லி போங்கள். வெள்ளை ஒயின்தான் பிடிக்கும், பாரிஸிலிருந்து கிளம்பி மறுநாள் ராத்திரிக்குள் திரும்ப வேண்டும், ஒயினைப் பற்றி எதுவும் படித்ததில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் ஒத்துவருகிற ஊர் எனக்குத் தெரிந்து இதுதான். பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர், பர்கண்டி என்கிற ஒயின் பகுதியின் வடக்கு ஓரம். சுற்றியுள்ள இருபது ஊர்களிலும் ஷாப்லி என்ற பெயரில் போடுவது ஒரே ஒரு திராட்சையிலிருந்து, ஒரே ஒரு நிறத்தில்தான்: ஷார்டொனே, வெள்ளை. குழப்பிக்கொள்ள இடமே இல்லை.

ஆனால் ஒன்று, போனவுடன் குடிக்க உட்காராதீர்கள். முதலில் மேட்டில் ஏறுங்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது தற்செயலாகத்தான். முதல் தடவை போனபோது யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை, மதியம் பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் ஒரு கதவும் திறக்காது. சும்மா நிற்பதற்குப் பதிலாக செரேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எதிரே தெரிந்த சரிவை நோக்கி நடந்தோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடிவாரம். அங்கே இருப்பதுதான் ஊரின் மிக உயர்ந்த தரமான கிரான் க்ரூ தோட்டங்கள் ஏழும், ஒன்றையொன்று ஒட்டி, தென்மேற்கு வெயிலைப் பார்த்தபடி: ப்ளான்ஷோ, லே க்ளோ, வல்முர், க்ரெனுய், வோதெஸிர், ப்ரோஸ், பூக்ரோ. ஏழும் சேர்த்தே ஏறத்தாழ நூறு ஹெக்டேர்தான். க்ரெனுய் என்றால் தவளைகள், கீழே ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

கொடிகளுக்கு நடுவே குனிந்து பார்த்தால், மண் என்று சொல்ல அதிகம் இல்லை. வெளிறிய களியும் உடைந்த சுண்ணாம்புக் கல்லும்தான். உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்துத் திருப்பினேன், அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு, கமாப் புள்ளி மாதிரி வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கல்லாகிப் போயிருந்தன. விரலால் தடவினால் விளிம்பு இன்னும் உறுத்துகிறது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் ஆழமில்லாத கடல். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் கிம்மரிட்ஜ் என்ற கிராமத்தின் பெயரால் இந்த மண் அடுக்கை கிம்மரிட்ஜியன் என்று அழைக்கிறார்கள். கல்லைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஆளுக்கொன்று பையில் போட்டுக்கொண்டால் தோட்டக்காரருக்குத்தான் நஷ்டம்.

சரிவின் உச்சிக்குப் போனால் மண் மாறுகிறது. மேலே இருப்பது வேறு வகைச் சுண்ணாம்புக் கல், கெட்டியானது, காற்றும் அதிகம். பெத்தி ஷாப்லி என்கிற அடித்தட்டு ஒயின் பெரும்பாலும் அந்த மேட்டு நிலத்தில் விளைவது. சரிவுகளில் ஷாப்லியும் அதற்கு மேல்படியான ப்ரெமியே க்ரூவும், ஆற்றின் வலக்கரையில் இந்த ஒரே சரிவில் மட்டும் கிரான் க்ரூ. புட்டியில் அச்சடித்திருக்கும் நாலு படியும் அங்கே நின்றால் கண்ணால் பார்க்கக்கூடிய மேடு பள்ளமாகவே இருக்கிறது. இதற்காகத்தான் முதலில் ஏறச் சொல்கிறேன், கீழே வந்து கோப்பையை எடுக்கும்போது எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

சிப்பியின் ருசிதான் ஒயினில் இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேர் கல்லைத் தின்பதில்லை. அந்த மண் தண்ணீரை வேண்டிய அளவுக்குப் பிடித்துவைத்து மிச்சத்தை வடித்துவிடுகிறது, குளிரில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது, அதனால் புளிப்புக் குறையாமல் நிற்கிறது. பலர் மரப்பீப்பாய் வாசனையே ஏறாமல் எவர்சில்வர் தொட்டியில் வைத்து எடுக்கிறார்கள். இளசாக இருக்கும்போது நிறத்தில் லேசாகப் பச்சை ஓடும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், அப்புறம் புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரில் தண்ணீர் பட்டால் வருமே அந்த மணம். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் உப்பு மாதிரி ஒன்று நிற்கும். எனக்கு உயிர் அந்தக் கடைசிதான்.

குளிர் என்று சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஏப்ரல் கடைசியில் ஊருக்குள் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். விடிகாலை மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக எதிர்ச்சரிவு முழுக்க வரிசை வரிசையாக நெருப்பு. கார்த்திகை தீபம் போல இருந்தது என்றுதான் முதலில் தோன்றியது. மெழுகு நிரப்பிய தகர டப்பாக்கள் அவை, ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வைத்து, உறைபனி விழுகிற இரவில் கையால் ஒவ்வொன்றாகக் கொளுத்த வேண்டும். துளிர் விட்ட கொடியில் பனி உறைந்தால் அந்த வருட விளைச்சல் ஒரே ராத்திரியில் கருகிவிடும். 2016, 2021 இரண்டு வருடங்களிலும் உறைபனி இங்கே பெரும் சேதம் செய்தது. சில தோட்டங்களில் நெருப்புக்குப் பதிலாகத் தண்ணீர் தெளிக்கிறார்கள், கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் துளிர் மேல் தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற சூடு துளிரைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே காப்பாற்றிவிடும். பாதியில் நிறுத்தினால் மட்டும் போச்சு. இதற்கென்றே பேன் என்ற ஊரில் ஓர் ஏரி வெட்டியிருக்கிறார்கள், காரில் போனால் பார்த்துவிட்டு வரலாம்.

காலையில் தண்ணீர் தெளித்த தோட்டம் ஒன்றில் துளிர்களைக் கிட்டப் போய்ப் பார்த்தோம். இரண்டு இலை விரிந்த இளஞ்சிவப்புத் துளிர், சுற்றிலும் பனிக்கட்டி, கண்ணாடிக் குமிழுக்குள் வைத்தது போல. பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு நின்ற வயதான தோட்டக்கார அம்மா, "போட்டோ எடுத்துக்கோங்க, ஆனா தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். சாயங்காலம் அவர் வீட்டு நிலவறையில்தான் சுவைத்துப் பார்த்தோம். இப்போதெல்லாம் குளிர்காலம் லேசாகி மார்ச்சிலேயே மொட்டு உடைந்துவிடுகிறது, ஏப்ரல் பனி மட்டும் பழையபடி வருகிறது, அதுதான் பயம் என்றார்.

இந்த ஊர் ஒருமுறை கிட்டத்தட்ட அழிந்தே போனது. முன்பெல்லாம் பீப்பாய்கள் பக்கத்து நகரமான ஓசேர் வரை வண்டியில் போய், அங்கிருந்து யோன் ஆற்றில் படகேறிப் பாரிஸுக்குப் போகும். ரயில் வந்ததும் தெற்கத்தி ஒயின் மலிவாகப் பாரிஸில் இறங்கியது, பிறகு ஃபைலாக்ஸெரா பூச்சி வந்து வேரைத் தின்றது, அப்புறம் போர்கள். 1950களில் மிஞ்சியது சுமார் 500 ஹெக்டேர். உறைபனியைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் திரும்பவும் நட ஆரம்பித்தார்கள், இன்றைக்கு 5,000 ஹெக்டேருக்கு மேல். அந்த அம்மாவின் கணக்கில் இதெல்லாம் தன் அப்பா காலத்துச் சமாச்சாரம், அவ்வளவு பக்கம்.

போகிற வழி: பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஓசேருக்கு ரயில், அங்கிருந்து இருபது கிலோமீட்டர், வாடகைக் கார்தான் நிம்மதி. ஓட்டுகிறவர் துப்பிவிட வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சட்டப்படி ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் வந்துவிட்டாலே குற்றம், புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு 0.2. ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும், போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள், அறுவடைச் சமயத்தில் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது. பெத்தி ஷாப்லியில் தொடங்கி மேலே போகச் சொல்லுங்கள். வாங்குவதாக இருந்தால் என் யோசனை ப்ரெமியே க்ரூ, அதில் மோந்தே த தொனேர் கிடைத்தால் விடாதீர்கள், கிரான் க்ரூ சரிவை ஒட்டியே இருக்கிற தோட்டம், விலை அவ்வளவு ஏறாது. கிரான் க்ரூவை இளசாக உடைப்பது வீண், பல வருடம் வைத்திருக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

சாப்பாட்டில், கூஜேர் என்று சீஸ் போட்டுச் சுட்ட உப்பலான பண்டம், சூடாகக் கிடைத்தால் அதோடு ஒரு கோப்பை போதும். ஆந்துயெத் என்று எழுதியிருந்தால் அது பன்றிக்குடல், தெரிந்தே கேளுங்கள். அது வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் ரொட்டியும் ஷவூர்ஸ் சீஸும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடலாம்.

இரண்டாம் நாள் திரும்பும் வழியில் பொந்தினி மடத்துக் கோயிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1114இல் வந்த சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவச் சபைத் துறவிகளுடையது, ஷாப்லியில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. உள்ளே அலங்காரம் அதிகமில்லை, மேட்டில் நீங்கள் கையில் எடுத்துப் பார்த்த கல் போலவே வெளுத்த சுண்ணாம்புக் கல் சுவர், காலை வெளிச்சம் அதில் விழும்போது போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.