தேர்தலுக்கு முன் உங்கள் பின்தங்கிய பகுதிக்கு எந்த வளர்ச்சிப் பணிகளை முதலில் கேட்பீர்கள்?

என்னைக் கேட்டால், ஒரு குழாய்ப் பாலத்தைக் கேட்பேன்.

சிரிக்காதீர்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சின்ன ஊர். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். அப்பா இன்னும் ஊரில்தான், நெல்லும் மிளகாயும் போடுகிறார். வானம் பார்த்த பூமி. புரட்டாசி வாக்கில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம், புழுதி விதைப்பு என்று பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் எழுந்துவிடும். மார்கழியில் கதிர் வெளிவரும் நேரத்தில் கண்மாயிலிருந்து (ஏரிக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர்) ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும், அறுவடை வீடு வந்து சேரும். அந்த ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் வைக்கோல்தான். எங்கள் பக்கத்தில் வறட்சி என்பது பெரும்பாலும் அந்த ஒரு தண்ணீர் வராததுதான்.

கண்மாய்கள் இங்கே தனித்தனியாக இல்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்து, உபரி நீர் கலுங்கு என்ற வழிதிறப்பு வழியாக மறுகால் போனால், அந்தத் தண்ணீர் வரத்துக்காலில் ஓடி அடுத்த கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. சேதுபதிகள் காலத்துக்கு முன்பிருந்தே இப்படிக் கோத்துக் கோத்து வைத்திருக்கிறார்கள். கமுதி அருகே குண்டாற்றிலிருந்து பிரியும் ரெகுநாத காவிரி என்ற கால்வாயை இன்றைக்கும் பார்க்கலாம். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையால்கூட ஒரே மூச்சில் பறக்க முடியாதாம். சரி, ஊர்ப் பெருமை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஏற்பாட்டில் கண்மாயைவிட முக்கியம், கண்மாய்க்கு வரும் கால்.

எங்கள் ஊர் வரத்துக்கால் ஒரு சாலையைக் கடந்து வருகிறது. முன்பு அங்கே கல் பாலம் இருந்தது, ஆள் குனிந்து உள்ளே போகலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு சாலையை அகலப்படுத்தியவர்கள் அதை இடித்துவிட்டு இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் போட்டார்கள். குழாய் சிறியது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, காலின் தரைமட்டத்திலிருந்து ஒரு முழம் மேலே வைத்துவிட்டார்கள். அதாவது, தண்ணீர் ஒரு முழம் தேங்கிய பிறகுதான் குழாய்க்குள்ளேயே நுழையும். அடுத்து வந்த நல்ல மழை ஆண்டில் என்ன ஆயிற்று தெரியுமா? சாலைக்கு மேற்கே தண்ணீர் தேங்கி அப்பாவின் மிளகாய்ச் செடி வேர் அழுகிப் போனது. சாலைக்குக் கிழக்கே கண்மாய் பாதிகூட நிறையவில்லை, நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. ஒரே மழையில் வெள்ளமும் வறட்சியும், இடையில் இருபதடி தார்ச்சாலை.

மனு கொடுத்தோம். அப்போதுதான் புரிந்தது, இந்தக் கால் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக் கணக்கில் இருந்து இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். எங்களுடையது ஒன்றியக் கண்மாய், ஆனால் எங்களுக்குத் தண்ணீர் தரும் மேல் கண்மாய் பெரிய கண்மாய். நடுவில் ஓடும் கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு. அதைக் கடக்கும் பாலம் சாலைக்காரர்களுடையது. நூறு நாள் வேலையில் தூர்வாரலாமே என்றால், அந்த வேலை ஊராட்சி வாரியாகத் திட்டமிடுவது. காலில் பாதிக்கு மேல் பக்கத்து ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது. அவர்கள் ஏன் நமக்காகத் தூர்வாரப் போகிறார்கள்? அதனால் ஒவ்வொரு ஊரும் தன் கண்மாயில் தண்ணீர் நிற்கும் உள்வாயை மட்டும் தோண்டித் தோண்டி ஆழமாக்கியிருக்கிறது. தண்ணீர் வரும் வழி அடைத்துக் கிடக்க, பாத்திரம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. குடிமராமத்து என்ற பெயரில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் அரசுத் திட்டத்திலும் 2017 முதல் சில ஆண்டுகள் இந்தப் பக்கம் வேலை நடந்தது. நான் பார்த்த வரையில், கரை பலமானது, மடை புதிதானது, கால் மட்டும் அப்படியே.

அதனால்தான் சொல்கிறேன். எந்த வேட்பாளர் வந்தாலும் ‘கண்மாயைத் தூர்வாருங்கள்’ என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்கு மிகவும் பிடித்த கோரிக்கை, மண் லாரியில் போகும். மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து நம் கண்மாய் வரை உள்ள காலை, ஊர் எல்லை பார்க்காமல், ஒரே வேலையாக எடுக்கச் சொல்லுங்கள். குறுக்கே உள்ள ஒவ்வொரு பாலத்தின் தரைமட்டத்தையும் அளந்து தரச் சொல்லுங்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கிடைக்கிறது. எங்கள் குழாய்ப் பாலத்துக்கு அதில் கடுகளவு போதும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பைப் பற்றியும் கேட்பீர்கள். கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையிலிருந்து காவிரி வெள்ள நீரைக் குண்டாறு வரைக்கும் கொண்டுவரும் திட்டம், 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அது குண்டாறு வரைக்கும் வந்தாலும், எங்கள் ஊருக்குள் நுழைய அந்த இரண்டு குழாய்களைத்தான் கடந்தாக வேண்டும்.

அடுத்தது குடிநீர். ராமநாதபுரம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், நான்கைந்து குடம் வைக்கும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் சாலையோரம் போவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கல்யாணச் சீரில் வந்தது என்று என் அத்தை கேலியாகச் சொல்லும், அது முழுக்கக் கேலியும் இல்லை. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து ராமநாதபுரம் வரை கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-இல் இருந்து இருக்கிறது. பிறகு வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டு முன்பும் குழாய் நிற்கிறது. குழாய் எத்தனை என்ற கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. குழாயின் கடைக்கோடியில் இருக்கிற ஊருக்கு அந்தக் கணக்குதான் வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்துத் தேதி போட்டு எழுதினால்கூடப் போதும்.

இந்தப் பக்கத்துக்குத் ‘தண்ணியில்லாக் காடு’ என்று ஒரு பெயர் உண்டு. தவறு செய்த அரசு ஊழியரை அங்கே மாற்றுவேன் என்று மிரட்டுவார்கள், சினிமாவில் அது நகைச்சுவை. எங்களுக்கு அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தண்டனையாக வருகிறவர் முதல் நாளே போகும் நாளை எண்ணத் தொடங்குகிறார். ஆசிரியர், மருத்துவர், செவிலியர், கிராம நிர்வாக அலுவலர் எல்லாரும் இப்படி வந்து போகிறார்கள். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தால் அவருக்குத் தேவை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தும், அதைப் போட ஓர் ஆளும். புதுக் கட்டடம் கேட்பதைவிட, இருக்கிற கட்டடத்தில் ராத்திரி விளக்கு எரியக் கேட்கலாம்.

சீமைக்கருவேலத்தில் மட்டும் நான் ஊர்க் கூட்டத்தில் எல்லோரோடும் முரண்படுகிறேன். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது எல்லா இடத்திலும் வேரோடு அழிப்போம் என்று ஒரு வேகம் வந்தது. கண்மாய்க்குள்ளும் காலிலும் இருப்பதைக் கட்டாயம் எடுக்க வேண்டும், அதுவும் வேரோடு. மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். ஆனால் பட்டா நிலத்தில் இருப்பதை ஒரே நாளில் அழித்துவிட்டால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கே போகும்? மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் வீட்டிலும் கரி விற்ற காசில்தான் அரிசி வாங்கினோம். முதலில் கால், அப்புறம் கண்மாய், பட்டா நிலம் கடைசியில்.

தொழிற்சாலை பற்றி ஒரு வார்த்தை. கமுதிப் பக்கத்தில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, அப்போது உலகத்திலேயே பெரிய நிலையங்களில் ஒன்று. கட்டும்போது ஏராளமானவர்களுக்கு வேலை கிடைத்தது. கட்டி முடித்தபின் அத்தனை பேர் தேவைப்படவில்லை, பேனல் துடைப்பதற்குக்கூட இயந்திரம் வைத்திருக்கிறார்கள். 2018-இல் ராமநாதபுரமும் விருதுநகரும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்ந்தன. 2023-இல் எங்கள் பக்கத்து உருண்டை மிளகாயான முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமையாகத்தான் இருக்கிறது. அப்பா சாக்கை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போகும்போது, அந்தக் குறியீடு எந்த வியாபாரி வாயிலும் வரவில்லை. களத்தில் காயவைக்க ஒரு சிமெண்டுத் தளமும், விலை விழும்போது இரண்டு மாதம் வைத்திருக்கப் பக்கத்திலேயே ஒரு கிடங்கும், வைத்த மூட்டைக்கு ஈடாகக் கொஞ்சம் கடனும் இருந்தால் அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் வரும்.

பஸ். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, 2021 முதல். ஊருக்குப் பஸ்ஸே வராவிட்டால் அந்தச் சலுகையில் எங்களுக்கு என்ன பங்கு? கல்லூரி விடும் நேரத்துக்கு ஒரு பஸ் இருந்திருந்தால் என் தங்கை கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருக்க மாட்டாள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை.

எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். தேர்தல் தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதி வந்துவிடும், புதிய பணி எதையும் அதிகாரிகள் தொட மாட்டார்கள். அதனால் மனு அதற்கு முன்பே போக வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும், அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தீர்மானத்தை வாய்மொழியாக விடாமல் நகல் வாங்குங்கள். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனதால், அந்தக் காகிதத்தின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. காலின் புல எண்ணையும் (சர்வே நம்பர்), நில வரைபடமான புலப்படத்தில் அது எத்தனை அகலம் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். ‘எங்கள் ஊர் நீராதாரத்தைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘இந்தப் புல எண்ணில் உள்ள குழாயை ஒரு முழம் கீழே இறக்க வேண்டும்’ என்று எழுதினால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

போன தேர்தலில் ஒரு வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்து காவிரியைக் கொண்டுவருவேன் என்று பேசிக்கொண்டிருந்தார். என் அப்பத்தா இடையில் புகுந்து, “ஏப்பா, காவேரி வர்றப்ப வரட்டும். எங்க கம்மாக் காலுல கொழாயத் தூக்கி வச்சிட்டாங்ய, அத மொதல்ல எறக்கு” என்றது. உதவியாளர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். குழாய் இன்னும் இறங்கவில்லை.

இந்த முறை போன வாரமே மனுவை எழுதிவிட்டோம். கால், குழாயில் தண்ணீர் வரும் நாள் கணக்கு, ராத்திரி மருத்துவர், மாலை பஸ் என்று நான்கு வரி. சித்தப்பா மகன் ஒருவன் விமான நிலையத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, எழுது. கடைசியில எழுது” என்றார்.