போய்ப் பார்க்காத செய்திகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போடுகிறேன். என் மகள் திருமணமாகி இந்தூரில் இருக்கிறாள். சென்ற நவராத்திரி விரத நாட்களில் அவள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்ததாம். சேலத்திலிருந்து கோவைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக் கூழைப் பெரிய குழிகளில் மாதக்கணக்கில் அழுக விடுகிறார்கள், இரவு விளக்குக்கு வரும் பூச்சிகள் அதில் விழுந்து புழு வைக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்து மிதித்துத்தான் ஜவ்வரிசி ஆக்குகிறார்கள், ஆகவே அது சைவ உணவே அல்ல என்று அதில் எழுதியிருக்கிறது. நாங்கள் அந்த ஊர்க்காரர்கள் என்று மகள் சொல்லியும் பக்கத்து வீட்டார் நம்பவில்லை. "எல்லோருக்கும் வந்திருக்கிறதே" என்கிறார்களாம். வெகுஜன ஊடகம் என்பதே சமூகத்தைக் கெடுக்க வந்த ஒன்றாகிவிட்டது என்று எனக்குப் படுகிறது. வீட்டில் நாளிதழை நிறுத்திவிட்டேன். கேபிள் இணைப்பையும் துண்டித்துவிட்டேன். அரசு கடுமையான சட்டம் போட்டு இவற்றை ஒரு கட்டுக்குள் கொண்டுவர வேண்டாமா?

மாதேஸ்வரன், ஆத்தூர்

அன்புள்ள மாதேஸ்வரன் அவர்களுக்கு,

நீங்கள் குறிப்பிடும் செய்தி புதியதல்ல. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் சுற்றிக்கொண்டிருந்ததுதான். விரத காலம் வந்தால் யாராவது தூசு தட்டி எடுத்து அனுப்புகிறார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாளில் தானியத்தை விலக்குபவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடியைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதால், புழு என்ற ஒரு சொல் அங்கே ஆழமாகத் தைக்கிறது. அதை எழுதியவர் யாராக இருந்தாலும் தம் வாசகரை நன்கு அறிந்தவர். சேலத்தை அறிந்தவர் அல்லர். ஆலைகள் மிகுதியாக இருப்பது உங்கள் ஆத்தூர்ப் பக்கமும் ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கமும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்பதும், மாவுச்சத்து இறங்கினால் விலைக்கு அளவுகோலான பாயிண்ட் இறங்கும் என்பதும், அதை மாதக்கணக்கில் குழியில் போட்டுவைக்கும் ஆலைக்காரர் முதலில் தம் பணத்தைத்தான் அழுக விடுவார் என்பதும் மரவள்ளி போடுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியவை அல்ல.

உங்கள் ஊரார் அறிந்ததை இந்தூர்க்காரர் அறியமாட்டார் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். கிழங்கு லாரியிலிருந்து இறங்கி, கழுவப்பட்டு, தோல் நீங்கி, அரைபடுகிறது. சல்லடையில் வடிந்த மாவுப் பால் தொட்டியில் சில மணி நேரம் தெளிய, அடியில் மாவு கெட்டியாகப் படிகிறது. அதை உதிர்த்து, குலுக்கி மணியாக்கி, சலித்து, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ களத்தில் காயப்போடுகிறார்கள். பிழிந்தபின் எஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகப் போகிறது. நாற்றம் என்பது மட்டும் மெய். ஆலைக் கழிவுநீர் தேங்கிய இடத்தைக் கடந்து போகிற எவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் செய்வார். கதையில் இருந்த அந்த ஒரு மெய்தான் மற்ற எல்லாவற்றுக்கும் சாட்சியாக நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இத்தகைய கதைகள் ஏன் ஓடுகின்றன என்பதற்கு ஓரளவு உறுதியான விடை உண்டு. 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொய்யென்று நிறுவப்பட்ட செய்தி, மெய்யான செய்தியைவிட 70 சதவீதம் கூடுதலாக மறுபகிர்வு பெறும் வாய்ப்புடையது என்று கண்டார்கள். அதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமல்ல, மனிதர்களே காரணம் என்பதும், பொய்ச் செய்திகளுக்கு வந்த மறுமொழிகளில் வியப்பும் அச்சமும் அருவருப்பும் மிகுந்திருந்தன என்பதும் அவர்களுடைய முடிவுகள். உங்கள் மகளுக்கு வந்த செய்தியில் இவை மூன்றும் குறைவில்லாமல் இருக்கின்றன.

ஆனால் ஜவ்வரிசியைப் பற்றி மெய்யான புகார்களும் இருந்தன. மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள், வெண்மைக்காக ரசாயனம் சேர்க்கிறார்கள் என்று விவசாயிகளே புகார் செய்தார்கள். கலப்படத்தால் கிழங்கு விலை விழுகிறது என்பது அவர்களுடைய கவலை. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் சோதனை நடத்தி மூட்டைகளைப் பறிமுதல் செய்ததும் உண்டு. அவற்றை நாம் எங்கே படித்தோம்? சேலம் பதிப்பின் மாவட்டப் பக்கத்தில். அந்தப் பக்கம் கோவைக்குக்கூடப் போகாது. அங்கே அந்த இடத்தில் கோவைச் செய்தி இருக்கும். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியும் உங்கள் மகளின் குடியிருப்புக் குழுவை எட்டியிருக்காது. ஊடகம் சமூகத்தைக் கெடுக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஒருவர் போய்ப் பார்த்து எழுதியது மாவட்ட எல்லையில் நின்றுவிடுகிறது, எவருமே பார்க்காதது நாடு முழுதும் போகிறது என்பதைத்தான் நான் இதில் பெரிய கேடாகக் காண்கிறேன். தொலைக்காட்சியின் இரவு விவாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசுகிற நால்வரில் ஒருவரும் அந்த இடத்துக்குப் போயிருக்கமாட்டார்.

கருவியின் மேல் பழி போடவும் எனக்கு மனமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, பாறை எந்தக் கொண்டை ஊசி வளைவில் கிடக்கிறது, குப்பனூர் வழியாக ஏற முடியுமா என்பதை எனக்கு முதலில் தெரிவித்தது வேன் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுதான். படம் எடுத்தவர் அந்த வளைவில் நின்றுகொண்டிருந்தார். அவர் யார் என்பது குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதே குப்பனூரிலும் அடிமலைப்புதூரிலும் 2018இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக, 277 கிலோமீட்டர் நீளத்துக்கு, தென்னந்தோப்பிலும் நெல் வயலிலும் எடுக்கப்போகும் நிலத்தைக் குறிக்கும் முட்டுக்கல் நட்டார்கள். கேமராக்கள் வயலுக்குள் போனதால்தான் சேர்வராயன் அடிவாரத்து விவசாயிகளின் அழுகை மாநிலத்துக்கே தெரிந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தபோதும் தொலைக்காட்சிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி நிலமெடுப்பு அறிவிக்கைகள் செல்லும் என்றபோது, எனக்கு நினைவிருக்கும் வரை, அந்த ஆர்வம் இல்லை. முட்டுக்கல் நட்ட நிலத்தின்பேரில் கடன் கிடைக்கிறதா, விற்க முடிகிறதா என்று கேட்க எவரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. பார்வைக்கு ஏற்ற காட்சி தீர்ந்தவுடன் செய்தியும் தீர்ந்துவிடுகிறது என்பது நம் தொலைக்காட்சிகளின் மேல் எனக்குள்ள தீராத குறை.

சட்டத்துக்கு வருகிறேன். வதந்தி உயிரையும் வாங்கும் என்பதை மறுக்கவில்லை. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துகிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். இந்தியாவில் இத்தகைய கொலைகள் தொடர்ந்த பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. எவர் வாயையும் அடைக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் இத்தகைய ஏற்பாடுகளை நான் வரவேற்கிறேன். எது பொய் என்று அரசே முடிவு செய்யும் சட்டத்தை வரவேற்கமாட்டேன். மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது போலி என்பதை அந்த அரசு அமைக்கும் பிரிவே அறிவிக்கலாம் என்று 2023இல் ஒரு விதி வந்தது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எட்டு வழிச் சாலை மத்திய அரசின் திட்டம். அப்படியொரு பிரிவு 2018இல் இருந்திருந்தால், தோப்புகள் அழியும் என்று எழுதிய நிருபரின் செய்தி எந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாளிதழை நிறுத்தியது எனக்கு உடன்பாடில்லை. உங்களைத் தொல்லைப்படுத்திய செய்தி அதில் வரவில்லை; உங்கள் கிழங்கின் விலையைப் பாதித்த கலப்படத்தைப் பற்றிய செய்திதான் அதில் வந்தது. ஆத்தூர் போன்ற ஊரில் நிருபர் என்பவர் பெரும்பாலும் பகுதி நேரக்காரர், சொற்பப் பணத்துக்கு எழுதுபவர், அதே கையால் விளம்பரமும் பிடித்துக் கொடுக்க வேண்டியவர் என்பது உண்மை. விளம்பரம் தருகிற ஆலையைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் அவர் எவ்வளவு எழுதுவார் என்று நீங்கள் கேட்டால் பதில் சங்கடமானதுதான். அப்படியும் ஆலைக் கழிவு வசிஷ்ட நதியில் கலப்பதை அவ்வப்போது எழுதியவர்கள் அவர்களே. ஊரில் வாங்குவோர் குறைந்தால் விளம்பரத்தின் பிடி இன்னும் இறுகும்.

உங்கள் மகளுக்கு வந்த பொய்யால் ஆலைக்காரர்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. புழுக் கதையைக் காட்டி, கலப்படப் புகாரையும் கழிவுநீர்ப் புகாரையும் சேர்த்து, எல்லாமே வதந்தி என்று கூறிவிடலாம். ஆகவே மறுப்பு எழுதும்போது கவனமாக எழுத வேண்டும். நீளமாக எழுதியும் பயனில்லை. அடுத்த முறை உங்கள் கிழங்கு ஏறும் ஆலையில் அனுமதி கேட்டு, லாரி இறங்குவதிலிருந்து களம் வரை கைப்பேசியில் படம் பிடியுங்கள்; நாளும் ஊரும் தெரியும்படி நீங்களே அதில் நின்று பேசுங்கள்; மகள் அதை இந்தியில் சொல்லட்டும். கழிவுநீர் போகும் இடத்தையும் விடாமல் எடுங்கள். ஆலைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அதையும் அந்தப் படத்திலேயே சொல்லிவிடுங்கள்.