ட்ரோன் கேள்வி–பதில்: படம் உறைவது எதனால்?

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் கண்மாய்க் கரையை ட்ரோனில் பார்த்து, கசிவு தெரிந்தால் உடனே ஆள் அனுப்புகிறோம். 600 மீட்டர் தாண்டினால் வீடியோ உறைகிறது, கன்ட்ரோல் மட்டும் கிடைக்கிறது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கலாமா? – வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். பணத்தை மிச்சம் பிடியுங்கள். கரைக்குக் கீழே, கருவேல மரங்களுக்கு இந்தப் பக்கம் நின்றுதானே ஓட்டுகிறீர்கள்? 40 மீட்டர் உயரத்தில் 1 கி.மீ. தள்ளிப் பறக்கும் ட்ரோன் அடிவானத்துக்கு 2 டிகிரிதான் மேலே இருக்கும். உங்களுக்கு 20 மீட்டர் முன்னால் 8 மீட்டர் மரம் ஒன்று நின்றால் அதன் உச்சி 18 டிகிரி. நனைந்த இலையைத் துளைத்துக்கொண்டுதான் சிக்னல் வரவேண்டும். ட்ரோன் பேசும் இரண்டு அலைவரிசைகளில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அதில் சீக்கிரம் சுருண்டுவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கன்ட்ரோலுக்குத் தகவல் சொற்பம், அதனால் பிழைத்துக்கொள்கிறது.

கலுங்கின் (உபரிநீர் வழியும் கட்டின்) மேல் ஏறி நின்று பாருங்கள், அங்கே மரம் இருக்காது. ட்ரோன் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 2.4-இல் 1 கி.மீ. தூரத்துக்கு, நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி ஐந்தரை மீட்டர் வரை பெரும்பாலும் காலியாக இருக்கவேண்டும். வீடியோ தரத்தை 720பி-க்கு இறக்கி, அனுப்பும் வேகத்தை 2 முதல் 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வையுங்கள். விரிசலைப் பார்க்க அது தாராளம். ரிமோட் ஆன்டெனாவின் நுனியைத் துப்பாக்கிபோல ட்ரோனை நோக்கி நீட்டாதீர்கள். நுனித் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் பலம்.

கம்பம் நட்டு ஆன்டெனாவை உயர்த்துவதானால் ரேடியோவையும் (சிக்னலை அனுப்பிப் பெறும் கருவி) மேலேயே பொருத்தி, ஈதர்நெட் கேபிளைக் கீழே இறக்குங்கள். கீழே ரேடியோ வைத்து ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளை 10 மீட்டர் இழுத்தால், 2.4-லேயே சிக்னலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உச்சிக்குப் போய்ச்சேரும்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், 4ஜி மோடம் பொருத்திய ட்ரோனில் கூட்டத்தைக் கண்காணிக்கலாமா? – வாசகர், செல்லூர்

பதில்: மேலே போனால் டவர் நன்றாகக் கிடைக்கும் என்று நினைப்பார்கள். கிடைப்பது ஒன்றல்ல, பல டவர்கள். அவற்றின் சிக்னல்கள் ஒன்றோடொன்று மோதும். சிக்னல் கோடு முழுதாக இருக்கும், படம் நகராது. போதாததற்கு, ஆற்றுக்குள் லட்சக்கணக்கானோர் அதே நேரத்தில் வீடியோ அனுப்புவார்கள். மேலேற்றும் (அப்லோட்) வேகம் அங்கேயே செத்துவிடும். கரையோரக் கட்டட மாடியில் திசை ஆன்டெனா வைத்து 5.8-இல் படத்தை இறக்கி, அங்கிருந்து ஃபைபரில் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோங்கள். 4ஜி மாற்று வழியாக மட்டும் இருக்கட்டும். அனுமதியில்லாமல் கூட்டத்துக்கு மேல் பறக்கக்கூடாது. விமான நிலையத்திலிருந்து 12 கி.மீ.க்குள் தனி உயரக் கட்டுப்பாடும் உண்டு, அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் ட்ரோன் வரைபடத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 915 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி செட் (ட்ரோனின் உயரம், பேட்டரி போன்ற தகவலைத் தரைக்கு அனுப்பும் ரேடியோ ஜோடி) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: அது அமெரிக்காவுக்கானது. இங்கே உரிமமில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருப்பது 865 முதல் 868 வரை. செட்டிங்கை மட்டும் மாற்றிச் சமாளிக்கவும் முடியாது, ஆன்டெனாவின் நீளமே 915-க்கு ஏற்ப வெட்டியது. 865-க்கான ஜோடியாகவே கேட்டு வாங்குங்கள். இரண்டு முனையிலும் நெட் ஐடி (ஜோடியை அடையாளம் காட்டும் எண்) ஒன்றாக இருக்கவேண்டும்.