தோப்புக்குள் எரிவாயுக் குழாய்: தரகர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு. தோப்பிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். எரிவாயுக் குழாய் போகிறது என்று அப்பா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. அப்பா காலமாகிவிட்டார். மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது ஒருவர் வந்து, 'டெல்லியில் இதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது, அங்கே எனக்கு ஆள் உண்டு, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள், நான்கு மடங்கு வாங்கித் தருகிறேன், அதில் கால் பங்கு எனக்கு' என்கிறார். போடலாமா? நிலம் கையை விட்டுப் போய்விடுமா? வீட்டுக்காவது கேஸ் இணைப்பு கிடைக்குமா?

பதில்: போடாதீர்கள். அவர் மறுபடியும் வந்தால் "வக்கீலிடம் காட்டியிருக்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

நிலம் உங்களுடையதாகவே இருக்கும். பட்டாவில் பெயர் மாறாது. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டப்படி அவர்கள் எடுப்பது நிலத்தை அல்ல, அதற்கடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் உரிமையை மட்டும்தான். நான்கு மடங்கு என்பது அரசு நிலத்தையே எடுத்துக்கொள்ளும்போது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் பேசுகிற கணக்கு. அந்தப் பேச்சைத்தான் உங்கள் தரகர் இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்.

டெல்லி வாரியம் என்று அவர் சொல்வது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. எந்த நிறுவனம் குழாய் போடலாம், அதில் எரிவாயு கொண்டுபோக என்ன கட்டணம் வாங்கலாம், எந்த மாவட்டத்தில் யார் வீட்டு இணைப்பு தரலாம் என்பதெல்லாம் அதன் வேலை. உங்கள் மாமரத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதில் அதற்கு ஒரு ரூபாய் அளவுக்குக்கூட அதிகாரம் கிடையாது. அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

இழப்பீட்டை முதலில் முடிவு செய்பவர் 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்று மத்திய அரசு நியமித்தவர். பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வந்தவராக இருப்பார். அவருடைய அலுவலக முகவரி உங்கள் நோட்டீஸிலேயே இருக்கும். அவர் சொல்லும் தொகை ஒத்துவராவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். உங்களுக்கு அந்த நீதிமன்றம் கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது. இந்த இரண்டு படிகளுக்கு நடுவே தரகருக்கு இடமே இல்லை.

இனி தேதி. நோட்டீஸை எடுத்து, சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ் மத்திய அரசிதழில் அறிவிக்கை வந்த நாள் எது என்று பாருங்கள். உங்கள் வழக்கு முழுக்க அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆட்சேபம் சொல்ல 21 நாள். அது எந்த நாளிலிருந்து என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும்; சந்தேகம் இருந்தால் முந்திய தேதியையே கணக்கில் வையுங்கள். நிலத்தின் சந்தை மதிப்பும் அந்த நாளில் என்ன இருந்ததோ அதுதான். அந்த அறிவிக்கை வந்த ஓராண்டுக்குள் 6-ஆம் பிரிவின்கீழ் உரிமையை எடுத்துக்கொள்ளும் பிரகடனம் வரவில்லை என்றால் அறிவிக்கை தானாகக் காலாவதி ஆகிவிடும். ஆகையால் ஆட்சேபத்துக்குக் கடைசி நாள், ஓராண்டு முடியும் நாள் என்ற இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள்.

டெல்லி அரசிதழில் வந்த ஒரு விஷயம் காவேரிப்பட்டணத்துத் தோப்புக்காரருக்கு எப்படித் தெரியும் என்று இந்த அமைப்பில் யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. 21 நாளில் பாதி நாள் காகிதம் நடந்து வருவதற்கே போய்விடுகிறது. அது வந்து சேர்வதற்குள் தரகர் வந்துவிடுகிறார். பயனாளிக்கு முன்னால் இடைத்தரகனுக்குத் தகவல் போய்ச் சேர்கிற ஏற்பாட்டை எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, பணத்துக்கு வருவோம். இரண்டு தனித்தனிக் கணக்கு. ஒன்று, நிலத்தில் அவர்களுக்குப் போகும் உரிமைக்காக: சந்தை மதிப்பில் 10 சதவீதம். இன்னொன்று, உங்களுக்கு ஏற்படும் சேதத்துக்காக: வெட்டிய மரம், அழிந்த பயிர், நிலம் சில மாதம் துண்டுபட்டுக் கிடந்தது, மற்ற சொத்துக்கும் வருமானத்துக்கும் வந்த பாதிப்பு.

முதல் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். குழாய்ப் பாதை பெரும்பாலும் 20 மீட்டர் அகலத்தில் எடுப்பார்கள். உங்கள் தோப்பில் அது 100 மீட்டர் நீளம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 சதுர மீட்டர். நோட்டீஸின் அட்டவணையில் சர்வே எண்ணுக்கு நேரே ஹெக்டேர், ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), சதுர மீட்டர் என்று மூன்று கட்டம் இருக்கும். அதில் இது 0 – 20 – 00 என்று வரும். இதை 20 சென்ட் என்று படித்துவிட்டு "கொஞ்சம்தானே போகிறது" என்று விட்டவர்கள் நிறையப் பேர். அது 49 சென்ட்டுக்கும் மேல், ஏறக்குறைய அரை ஏக்கர். ஏக்கர் 10 லட்சம் என்று மதிப்பிட்டால் அந்த 49 சென்ட் 4 லட்சத்து 90 ஆயிரம். அதில் 10 சதவீதம் 49 ஆயிரம் ரூபாய். அவ்வளவுதான்.

அந்த 49 ஆயிரத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிரகடனம் வந்த பிறகு அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குளமோ தோண்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. கேழ்வரகு, நிலக்கடலை, தக்காளி போடலாம். பாலக்கோடு பக்கத்துத் தக்காளிக்காரருக்கு ஒரு பருவ நஷ்டத்தோடு போகலாம்; மாந்தோப்புக்காரருக்கு அப்படியில்லை. சந்தூரில் கன்று வாங்கி வந்து திரும்ப நட முடியாது. ஏறக்குறைய அரை ஏக்கர் தோப்பு நிரந்தரமாக வெட்டவெளி ஆகிறது. 1962-ல் எழுதிய 10 சதவீதத்தை இன்னும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பது நியாயமே இல்லை. அதை நாம் இங்கே மாற்ற முடியாது. ஆகவே உங்களுக்கு உண்மையில் பணம் இருக்கிற இடம் இரண்டாவது கணக்குதான். அதை எழுத வேண்டிய இடம் மகசர், அதாவது தோப்பில் என்னென்ன இருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதும் பதிவு.

மகசர் எழுத ஆள் வரும்போது நீங்கள் தோப்பில் இருக்க வேண்டும். அதில் "மா – 14" என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "பெங்களூரா 9, வயது 25, காய்ப்பில், செந்தூரா 5, வயது 12, காய்ப்பில்" என்று ரகம், வயது, அடிமரச் சுற்றளவு எல்லாம் வர வேண்டும். வரப்பில் நிற்கும் புளி, தென்னை, வேம்பு தனித்தனியாக. சொட்டுநீர்க் குழாய், மண்ணுக்கடியில் போகும் பைப்பு, கம்பி வேலி, கல் வரப்பு தனியாக. நமது மாவட்டத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுமே, அதை உடைத்ததால் கிணற்றில் விரிசல் விட்டால் அதுவும் இழப்பீட்டில் அடக்கம்தான்; ஆனால் உடைப்பதற்கு முன்னால் கிணறு எப்படி இருந்தது என்பதற்குப் படம் வேண்டும். கைப்பேசியில் தேதியோடு எடுத்து வையுங்கள். தோட்டக்கலைத் துறையின் மர மதிப்பீட்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த வருடக் காய்க்குக் குத்தகைதாரரும் உரிமை கேட்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

கட்டம் காலியாக இருக்கும் மகசரில் கையெழுத்துப் போடவே கூடாது. "அலுவலகத்தில் போய் நிரப்பிக்கொள்கிறோம்" என்பார்கள். வேண்டாம். எழுதாத கட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, ஒரு நகல் கையில் வாங்கிக்கொண்டு போடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபத்துடன்" என்று எழுதுங்கள். உங்கள் தரகர் நீட்டும் முத்திரைத்தாள் பெரும்பாலும் பொது அதிகார ஆவணமாகத்தான் இருக்கும். அதில் கையெழுத்து விழுந்தால் தொகையை வாங்குவதும் ஒத்துக்கொள்வதும் அவர் பாடு. ஓமலூர் பக்கத்திலிருந்து ஓசூர் வரைக்கும் இதே தாளைப் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

இன்னொரு யோசனையும் அவர் சொல்லுவார்: "பாதையில் ஒரு ஷெட் போட்டுவிடுங்கள், நெருக்கமாக நூறு கன்று நட்டுவிடுங்கள், தொகை ஏறும்." ஏறாது. அறிவிக்கை தேதிக்குப் பிறகு செய்த எந்தக் கட்டுமானத்தையும் மேம்பாட்டையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஷெட் போட்ட காசு போகும். அதோடு, உண்மையாகவே பழைய மரம் வைத்திருக்கிறவரையும் அதிகாரி சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம் உங்கள் வீடு. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான விஷயம் மாட்டுக் கொட்டகைதான், அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 7-ஆம் பிரிவு சில இடங்களுக்கு அடியில் குழாய் போடவே கூடாது என்கிறது. அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலம்; அறிவிக்கைக்கு முன்பே நிரந்தரக் கட்டடம் நிற்கும் நிலம்; குடியிருக்கும் வீட்டைச் சேர்ந்த நிலம். போடும் இடத்திலும் ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போடக்கூடாது. 'வீட்டைச் சேர்ந்த நிலம்' என்பதை நன்றாகக் கவனியுங்கள். வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுவதில்லை. மாட்டுக் கொட்டகை, களம், வாசல், குளிக்கிற தொட்டி, வீட்டுத் தண்ணீருக்கான கிணறு என்று குடும்பம் அன்றாடம் புழங்குகிற இடத்தை அதில் சேர்த்து வாதாடலாம். முழுத் தோப்பையும் வீட்டைச் சேர்ந்தது என்று சொன்னால் எடுபடாது. கல் கட்டிய கிணறு நிரந்தரக் கட்டமைப்பு என்றும் தனியாக வாதிட இடம் உண்டு.

"நத்தம் பட்டா (ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டா) இல்லையே, விவசாய நிலத்தில் கட்டிய வீடுதானே" என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். சட்டம் பார்ப்பது அந்தத் தேதிக்கு முன் அங்கே குடியிருந்தீர்களா என்பதை. பழைய மின் இணைப்பு அட்டை, ஊராட்சி வீட்டு வரி ரசீது, அந்த முகவரியில் குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் இவைதான் சாட்சி. அறிவிக்கை தேதிக்கு முந்தைய ரசீது ஒன்று இருந்தாலும் போதும், பத்திரமாக எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு, புல வரைபடத்தில் வீடு, கொட்டகை, கிணறு எல்லாம் நட்ட கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்சேப மனுவில் "திட்டமே வேண்டாம்" என்று எழுதாதீர்கள். "பாதையைக் கொட்டகையிலிருந்து விலக்கி, தோப்பின் கிழக்கு வரப்பை ஒட்டிக் கொண்டுபோங்கள்" என்று திசையோடு கேளுங்கள். நேரில் வந்து பேசும் வாய்ப்பும் வேண்டும் என்று எழுதுங்கள். அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

திட்டமே வேண்டாம் என்று ஏன் எழுதக்கூடாது? கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும், மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்கள் வழியாகப் போகிறது. 2013-ல் மாநில அரசே அதை விளைநிலத்தை விட்டுச் சாலையோரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு மாநில அரசு நின்றே நிறுத்த முடியாததை உங்கள் ஒற்றை மனு நிறுத்தாது. பாதையைச் சில மீட்டர் நகர்த்தும்.

அப்பா பெயர் விஷயம் சிறியது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் அடையாள அட்டை நகல்களோடு "இந்த நிலத்தில் உரிமை உள்ளவர்கள் நாங்கள் இத்தனை பேர்" என்று தகுதிவாய்ந்த அதிகாரிக்கு உடனே எழுதுங்கள். அக்கா, தங்கை பெயரையும் விடாமல் எழுதுங்கள். பட்டா மாறுதலுக்குத் தனியாக விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அது வரும்வரை ஆட்சேபத்தை நிறுத்தி வைக்காதீர்கள். பழைய பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்றோ சேலம் மாவட்டம் என்றோ இருக்கலாம். தர்மபுரி 1965-ல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்தும் பிரிந்தவை. இதைத் 'திருத்த' வேண்டும் என்று காசு கேட்கிறவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு திருத்தமும் தேவையில்லை.

கேஸ் இணைப்பு அந்தக் குழாயிலிருந்து வராது. அது மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓடும் பெருங்குழாய். வீட்டுக்கு வருவது நகர எரிவாயு வலைப்பின்னல். மாவட்டத்துக்கு உரிமம் பெற்ற நிறுவனம் தனியாகக் குழாய் இழுத்துக் கொடுப்பது. நிலம் கொடுத்தவருக்கு முதலில் என்று எந்தச் சலுகையும் சட்டத்தில் இல்லை. யாராவது அதைச் சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மனுவை இரண்டு படி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் நேரில் கொடுத்து மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள்.